மருந்தளவு

செப்டம்பர் சனிக்கிழமை.
கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள் ரோவீனா.
வெள்ளை அங்கி காரின் பின்சீட்டில் கிடக்கிறது.
ஹிக்கரி மரங்களில் கொட்டை முற்றிவிட்டது.
தலைக்கு மேல் எங்கோ கொறிக்கும் ஓசை,
காய்ந்த இலைமேல் தோல்துணுக்குகள்
ஒன்று, பிறகு இரண்டு,
பெய்யலாமா என்று மழை யோசிப்பதுபோல.

டீக் முன்னால் நடக்கிறான்.
போட்டிருப்பது அண்ணனுடைய கோட்டு.
கை இரண்டு விரற்கடை நீளம்.
காலையிலிருந்து அவன் சொன்னது
"பனி வழுக்கும்" மட்டும்.
கென்டக்கி மலைக்காரனுக்குக் காட்டில் பேச்சு தும்மல் மாதிரி,
வந்தால் வரட்டும், வரவழைக்கக் கூடாது.

அவள் துப்பாக்கி ஏறக்குறைய அவள் உயரம்.
சக்கிமுக்கிக் கல் கடித்த பழைய தினுசு.
வாய்வழியே கெட்டிக்க வேண்டும்:
முப்பது கிரெயின் கரித்தூள்,
எச்சில் தொட்ட துணி,
அதன்மேல் பட்டாணி அளவு ஈயக்குண்டு,
மரக்கோலால் ஒரே தள்ளு.
கண் பார்க்காமலே கை அளக்கிறது.
வாரத்தில் ஆறு நாள் அளக்கிற கைதானே.
அவள் மொழியில்
அலமாரியில் இருப்பதற்கு ஒரு சொல்,
கொம்பில் இருப்பதற்கு வேறு சொல்.
எனக்கு இரண்டும் மருந்துதான்.

இந்த அணிலின் முதுகில் கோடில்லை.
யாரும் தடவிக் கொடுக்காத முதுகு.
பட்டையின் சாம்பல் நிறம்,
உடம்பு நீளத்துக்கு வால்.
ஆளைக் கண்டால் தண்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்;
சுற்றி வந்தால் அதுவும் சுற்றும்.
ஒற்றை ஆள் இருட்டும்வரை சுற்ற வேண்டியதுதான்.
அதனால் இரண்டு பேர்.
ஒருவர் நிற்க, ஒருவர் மறுபக்கம் போக.

டீக் மறுபக்கம் போனான்.
அணில் இவள் பக்கம் வந்தது,
முன்னங்கால் இரண்டிலும் ஒரு கொட்டையோடு.
சுண்டினாள்.
கிண்ணத்தில் பளிச்சென்று தீ,
ஒரு கைப்பிடி வெள்ளைப் புகை.
அவ்வளவுதான்.
குழலுக்குள் தீ போகவில்லை.

இறக்கக் கூடாது. திரும்பக் கூடாது.
உள்ளே எங்காவது பொறி தங்கியிருந்தால்
பிறகு வெடிக்கும்.
அறுபது எண்ண வேண்டும்.

பதினொன்று. பன்னிரண்டு.
அணில் வாலைச் சொடுக்கிச் சொடுக்கித் திட்டுகிறது.
இருபதில்
மரத்துக்கு அப்பாலிருந்து குரல்:
"டார்ஸியோட கடைசி சீட்டு.
தொண்ணூறு மாத்திரை.
நீதானே எண்ணினே?"

கன்னம் கட்டையில்,
குழல் மேலே கிளையைப் பார்த்தபடி.
முப்பத்தொன்று.
"ரெண்டு தடவை எண்ணினேன்.
டாக்டர் கையெழுத்து சரியா இருந்துச்சு.
தேதி சரியா இருந்துச்சு."
முப்பத்தாறு.
"அவன் கை நடுங்கிச்சு.
அதையும் பார்த்தேன், டீக்."

நாற்பதுக்குப் பிறகு எண் தவறிவிட்டது.
ஒன்றிலிருந்து மறுபடி எண்ணினாள்.
நடுவில் ஒரு மரம்,
இரண்டு பக்கமும் மூச்சு.

வெடிக்கவில்லை.

டீக் சுற்றி வந்தான்.
தொப்பியிலிருந்து ஊசியை உருவி
தீத்துளையைக் குத்தினான், ஊதினான்.
"அடைச்சிருந்துச்சு" என்றான்.
கொம்பைத் திறந்தாள் அவள்.
கிண்ணத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.
பாதி இலையில் கொட்டியது.
அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை;
காற்று வரும் பக்கம்
தொப்பியை மட்டும் மறைத்துப் பிடித்தான்.

பிறகு ஒன்றும் சொல்லாமல்
மறுபடி அந்தப் பக்கம் போகிறான்,
வேண்டுமென்றே சருகை மிதித்து,
கனமாக, கேட்கும்படி.

மேலே பட்டையில் நகங்கள்
சுற்றி இந்தப் பக்கம் வருகின்றன.
அவள் கல்லைப் பின்னுக்கு இழுக்கிறாள்.