செட்டல்

ஈஜோக் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆ சோய் மோட்டார் கடையில்
ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
ஒரு நாளில் எத்தனை தடவை இந்தச் சொல் வருகிறதென்று
ரசீதின் பின்பக்கம் கோடு போட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று.
அன்று மழை, கூட்டமும் குறைவு.

பிளக் மாற்றினால் செட்டல்.
கடனில் இருபது ரிங்கிட் கொடுத்தாலும் செட்டல்,
மீதி நூற்றெண்பது அப்படியே நிற்க.
லைசென்ஸ் இல்லாமல் ரோட்பிளாக்கில் மாட்டிய
தேவசகாயம் மகன்
பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்: "செட்டல் கா."
எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
அமுதவல்லி கோர்ட்டிலிருந்து நேரே வந்தாள்,
மோட்டாரைத் தன் பேருக்கு மாற்ற.
அவளும் அதையேதான் சொன்னாள்,
கடைசி எழுத்தை மட்டும்
கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

ஆ சோய் அதைச் சீனம்போல் சொல்கிறான்.
பக்கத்துக் கடை ஹாஜார் சொன்னால் மலாய்.
என் வாயில் அது தமிழ்தான்,
இல்லையென்று சொல்ல ஈஜோக்கில் ஆளில்லை.

எஸ்டேட் விற்ற வழக்குக்கு
ஷா ஆலாமிலிருந்து வந்த வக்கீல் பையன்
ஃபைலைத் திறந்துவைத்துக் கேட்டான்:
"உங்க குடும்பம் இங்க எப்ப செட்டில் ஆனது?"
"இன்னும் ஆகலை சார், நானூற்றிருபது பாக்கி."
அவன் பேனா நின்றது.
கேட்டது வேறு என்று எனக்கு உறைப்பதற்குள்
ஒரு செம்பனை லாரி கடந்து போய்விட்டது.
வருடம் தெரியவில்லை.
அப்பாவின் செக்ரோல் நம்பரைச் சொன்னேன்.
அதையும் எழுதிக்கொண்டான், பாவம்.

வழக்கு முடிந்து கிடைத்த தாமான் வீட்டில்
ஆறாம் மாதம் சுவர் வெடித்தது.
கம்பெனி ஆள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.
"செம்பனை பிடுங்கின மண்ணு கா,
இன்னும் செட்டல் ஆகலை.
ஆனதும் தானா நின்னுடும்."
எப்ப ஆகும் என்றேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கடைக் காலண்டரை அதன்மேல் மாட்டினேன்.
மார்ச் மாதம்
காலண்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தது.
அன்றிலிருந்து வெடிப்பின் நுனியில்
பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி,
கடன்காரர் பேருக்கு எதிரே எழுதுவதுபோல.

நேற்று பார்த்தபோது
ஜன்னல் மூலைக்கு
இரண்டு விரல் மிச்சம்.