லாரி வரும் நேரம்

ராத்திரி பன்னிரண்டரைக்கு
என் கதவைத் தட்டினாள் தேசம்மா.
பின்னால் பதினேழு பேர், முப்பது குடம்.
"உன் கம்ப்யூட்டரு இப்போ வரும்னு சொல்லிச்சே,
லாரி எங்க?"

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஏழு தெருவுக்கு ஒரு லாரி.
வரும் நேரம் போனிலேயே தெரிந்தால்
வேலைக்குப் போகிறவள் போகலாமே என்று
நான்தான் ஆரம்பித்தேன், ஒரு வெப்சைட்.
இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின.

"எந்த பாஷைல எழுதுற?" என்று அப்போதே கேட்டாள்.
தெருவில் தமிழ், தெலுங்கு, உருது,
இரும்புக் கடைப் பையன்களின் போஜ்புரி.
குடம் இடம் மாறினால் நாலிலும் வசவு விழும்.
ஒரு பாஷை போதாது என்றேன்.
அவளுக்கு அது உடனே புரிந்தது.

குடங்களை வைத்தே சொன்னேன்.
இது முதல் குடம், இது அடுத்தது,
இது குடமில்லை, குடத்துக்குப் பதில்
நாகபூஷணம் வைத்துப் போன கல்:
இப்படி எது எது என்று பெயர் சொல்லி நிறுத்துவது ஹெச்டிஎம்எல்.
யோசிக்கத் தெரியாது அதற்கு.
மொழி என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.
பச்சை, ரோஸ், வெளுத்த நீலம்,
குடத்துக்கும் குடத்துக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி,
எல்லாம் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.
வரிசையைத் தொடாமலே தெருவைக் கல்யாண வீடாக்கும்,
ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால்
மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

தொட்டவுடன் பதில் பேசுவது ஜாவாஸ்கிரிப்ட்.
"அப்போ அது நான்தான்."
ஆமாம், யார் குடத்தை நகர்த்தினாலும்
அடுத்த நொடி அங்கே அவள் குரல்.
அந்த மொழியில் வாக்குறுதி என்றே ஒன்று உண்டு.
அதற்கு மூன்றே நிலை:
காத்திருக்கிறது,
நிறைவேறியது,
மறுக்கப்பட்டது.
"நம்ம வார்டுல மொதல் நெலைய தாண்டி யாரும் பாத்ததில்ல" என்றாள்.

லாரி எங்கே நிரம்புகிறது, யார் வால்வு திறக்கிறார்,
இங்கே நின்றால் தெரியாது.
வெப்சைட்டுக்கும் அப்படி ஒரு மறைவிடம்.
அங்கே நான் வைத்தது பிஹெச்பி.
ஆபீஸில் கிண்டல் செய்யாத ஆள் இல்லை,
பழசு, ஒழுகும், புகை விடும் என்று.
மாசம் நூறு ரூபாய் சர்வரில் அதுதான் ஓடும், அய்யா.

பைதான் ஆசை இருந்தது.
    வரி தொடங்குமுன் விடும் வெற்றிடத்துக்கும்
    அங்கே பொருள் உண்டு,
    இந்த மூன்று வரி தள்ளி நிற்பதுபோல.
ஞாயிறுகள் போதவில்லை.

எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை நடை
என்று குறித்து வைக்கும் நோட்டு தனி.
அதனிடம் எஸ்கியூஎல்லில்தான் கேட்க வேண்டும்:
எதை எடுக்க, எதிலிருந்து, எந்த நிபந்தனைக்கு.
ரேஷன் கடை ஜன்னலில் பேசுவது மாதிரி,
சுற்றி வளைத்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும்.

அந்த ராத்திரி வாசப்படியில் குந்தி
லேப்டாப்பைத் தொடையில் வைத்துத் தேடினேன்.
டிரைவர் தணிகாசலம் சரியாகத்தான் போட்டிருந்தார், காலை ஆறு.
சர்வர் கையில் மட்டும் லண்டன் கடிகாரம்.
ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு
எங்களை எழுப்பியிருக்கிறது.
பதினேழு பேரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.
யாரோ என் முதுகில் ஒரு கொசுவை அடித்தார்கள்.
திருத்தம் ஒரே வரி.
நேர மண்டலம்: ஏசியா, கொல்கத்தா.

"மெட்ராஸ்னு போடு."
அந்தப் பட்டியலில் இல்லை.
"சென்னை?"
அதுவும் இல்லை.
தேசம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
"சரி, கல்கத்தா பேர சொல்லியாவது தண்ணி வருதா பாப்போம்."

காலையில் திரை ஆறு என்றது.
ஆறுக்கு கேட் போட்டார்கள்.
கூட்ஸ் வண்டி. நாற்பத்தொரு பெட்டி வரை எண்ணினோம்,
அப்புறம் அது அங்கேயே நின்றுவிட்டது.
பெட்டிகளின் இடுக்கில், அந்தப் பக்கம்,
லாரியின் நீல முதுகு,
சொட்டிக்கொண்டு.
போனைத் திறந்தேன்.
காத்திருக்கிறது என்றது.