ஈரத்துக்குக் கழிவு

படிவத்தில் ஏழு கேள்விகள்.
ஆறாவது, நீந்தத் தெரியுமா?
தெரியும் என்று எழுதி
அடியில் ஒரு கோடும் போட்டேன்,
கோடு போட்டால் உண்மையாகிவிடும் என்பதுபோல.

மஞ்சூரில் யாருக்கு நீந்தத் தெரியும்?
இங்கே தண்ணீர் மேலிருந்து விழும்,
குழாய்க்குள் இறங்கும்,
கெத்தையில் மின்சாரமாகி ஊரைவிட்டுப் போகும்.
நடுவில் ஓர் ஆளை மிதக்கவிட
அதற்கு நேரமில்லை.

நாளை ஞாயிறு. ஐந்தரைக்கு ஜீப்.
கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடிந்த பிறகு
பாக்கு மரங்கள் நிற்கும் சூட்டில் ஆறு.
இருவர் கயாக். பின்னால் போஜன், முன்னால் நான்.
சீக்கிரம் காயும் துணி, வார் வைத்த செருப்பு,
தங்கம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றிருந்தான்.
சங்கிலியைக் கழற்றி அரிசிக்குள் புதைத்தேன்.
கழுத்து வேறு யாருடையதோ போலிருந்தது.
மூக்குக் கண்ணாடிக்கு
பழைய அடையாள அட்டையின் நாடா.

கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கினேன்.
பிடித்த மீனைக் காயமில்லாமல்
திரும்ப விட்டுவிட வேண்டுமாம்.
விடுவதற்கா இத்தனை பணம், என்றாள் ரெஜினா.
அது சீட்டுப் பணம் என்பதை
அவளிடம் சொல்லவில்லை.

இரவல் தூண்டில் நுனியில் ஒரு நட்டைக் கட்டி
வாசலில் நின்று வீசிப் பழகினேன்.
முதல் வீச்சு ரெஜினா வீட்டுத் தகரத்தில்.
இரண்டாவது பீன்ஸ் பந்தலில்.
மூன்றாவது எங்கே விழுந்ததென்று
பனி காட்டவில்லை.
நூலைச் சுற்றச் சுற்றக் கை கனத்தது,
நெஞ்சு அடித்துக்கொண்டது.
வந்து சேர்ந்தது ஒரு துணிக் கிளிப்,
கூடவே யாருடைய சட்டையோ.

கெண்டைக்கு ராகி உருண்டை, கொஞ்சம் வெல்லம் சேர்த்து.
களி கிண்டிய கைக்குப் பதம் சொல்லித் தரவேண்டாம்.
பையன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு
நல்லாத்தான் இருக்கு என்றான்.

ஒன்பது மணிக்குப் பொறுக்க முடியாமல்
போஜனைக் கூப்பிட்டேன்.
நீந்தத் தெரியாது என்றேன்.
"சரிங்க. அதுக்குத்தான் ஜாக்கெட் இருக்கு.
எடை அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கீங்களே,
அதாவது நிஜமா?"
நான் பேசவில்லை.
"படகுக்கு அதுதாங்க முக்கியம்.
முன்னால கனம் தப்பாச்சுன்னா மூக்கு குத்திரும்."

பத்தொன்பது வருடமாக
இலை எடை போடுகிறவள் நான்.
சாக்குக்கு ஒரு கிலோ கழிவு,
மழைநாளில் ஈரத்துக்கு நூற்றுக்குப் பத்து.
கழித்துக் கழித்தே எழுதிய கை.
அந்தத் தண்ணியையும் நான்தானே
முதுகுல தூக்கிட்டு வந்தேன் என்று
சரோஜம் ஒருநாள் கேட்டாள்.
அடுத்த மூட்டை என்றேன்.

எடைக் கொட்டகையின் சாவி என்னிடம்தான்.
தூறலில் போய்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தராசின் மேல் ஏறி நின்றேன்,
நனைந்த ஸ்வெட்டரோடு, செருப்போடு.
முள் ஆடியது, ஆடி
எழுபத்து நாலில் நின்றது.

விரல் பழக்கதோஷத்தில்
மனக்கணக்குப் போட ஆரம்பித்தது.
அதை மடக்கிக்கொண்டு
போனை எடுத்தேன்.

எழுபத்து நாலு, போஜன்.
ஈரத்தோடு.