உப்பு நாற்பத்தாறு

தொண்டிக்குத் தெற்கே எட்டாம் நம்பர் குட்டை.
மாசியில் முப்பத்திரண்டு காட்டிய உப்புமானி
ஆனியில் நாற்பத்தாறு.
கச்சான் காற்று தண்ணீரைக் குடித்துவிட்டு
உப்பை மட்டும் துப்பிவிட்டுப் போகிறது.

இறால் சாகவில்லை.
தீனித் தட்டில் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான்.
ராவுத்தர் வானத்தைப் பார்த்து நன்றி சொன்னார்.
நான் தண்ணீரைப் பார்த்தேன்.

மண்டபத்தில், மூன்று மாதப் பயிற்சியில்,
சாக்பீஸ் தீரும்வரை வரைந்து காட்டினார்கள்:
உப்பு ஏற ஏற
இறாலின் சதைக்குள் ஒரு நொதிக்கு வேலை கூடுகிறது.
பெயர் அலனின் ரேசிமேஸ்.
இடக்கை அலனினைப் பிடித்து வலக்கை ஆக்கும்.
கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை.
இந்தப் பக்கம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி
அந்தப் பக்கத்திலிருந்து வேறொன்றை வைக்கும்.
பிடுங்கியதற்கும் வைத்ததற்கும் நடுவே,
இமைப்பொழுதில் எத்தனையோ ஆயிரத்தில் ஒரு பங்கு,
தட்டையாய்க் கிடக்குமாம் அது,
எந்தக் கையும் இல்லாமல்.

அதையும் இடக்கையால்தான் எழுதிக்கொண்டேன்.

ஒன்றாம் வகுப்பில்
பிலோமி டீச்சர் என் இடது மணிக்கட்டைப்
பச்சை ரிப்பனால் பெஞ்சோடு கட்டினார்.
இன்றும் சம்பளக் கவருக்கு இந்தக் கை நீண்டால்
ராவுத்தர் கவரைப் பின்னுக்கு இழுப்பார், சிரித்தபடியே.
கல்யாணப் பந்தியில் வலக்கையால் தின்பேன்,
பக்கத்து இலைக்காரியின் கையைக்
கடன் வாங்கிய மாதிரி.

பாடம் முடிந்து, பலகையைத் துடைத்துக்கொண்டே
போகிற போக்கில் ஒன்று சொன்னார்கள்:
உடம்பு கட்டுகிற புரதம் எல்லாம் இடக்கை வார்ப்பு.
இறால், கொக்கு, ராவுத்தர்,
ரிப்பனை முடிச்சுப் போட்ட விரல்கள்.
கடைசி வரிசையில் நான் சிரித்தேன்.
இருமல் என்று நினைத்திருப்பார்கள்.

வலக்கை அலனின் இனிக்குமாம்.
வெயில்கால இறாலுக்கு ருசி ஜாஸ்தி என்று
மீன்கடை ஜெசிந்தா அடித்துச் சொல்வது
இதனால்தானோ என்னவோ.
ஐப்பசியில் மழை இறங்கி உப்பு தணிந்தால்
வலம் மறுபடி இடமாகும்.
நொதிக்கு இரண்டு திசையும் ஒன்றுதான்,
எதையும் அது திருத்தவில்லை.

ராத்திரி பதினோரு மணி. ஏரேட்டர் இரைகிறது.
குட்டையோரம் குந்தி
ஒரு கை அள்ளி நாக்கில் வைக்கிறேன்.
எந்தக் கை என்று பார்க்க ஆளில்லை.
நாளைக்கு நாற்பத்தேழு இருக்கும்.

அறுபதைத் தொட்டால் என்ன ஆகும் என்று
அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.