முதுசத்துக்கு ஒரு சொல்

நியூமார்க்கெற் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
என் வேலை கேட்டதைச் சொல்வது,
கூட்டாமல், குறைக்காமல்.
அப்படித்தான் சத்தியம் செய்திருக்கிறேன்.

மார்க்கத்தில் ஒரு வீடு.
உயில் எழுதாமல் தைமாதம் கண்மூடிய தகப்பன்.
குகநேசன் எழும்பிச் சொல்கிறார்:
"அக்காவுக்குச் சீதனம் குடுத்தாச்சு.
எண்பத்தேழில, மயிலிட்டியில
எட்டுப் பரப்பு, கிணத்தோட.
சீதனம் வாங்கின பொம்பிளைப்பிள்ளைக்கு
முதுசத்தில பங்கில்லை. தேசவழமை அப்பிடி."

முதுசம்.
அங்கேதான் இடறினேன்.
தகப்பன் உழைத்தபோது அது தேடியதேட்டம்,
பிள்ளையின் கைக்கு வந்தால் முதுசம்.
ஒரே வீடு, கை மாறப் பெயர் மாறும்.
ஆங்கிலத்தில் நான் சொன்னது
யாரோ விட்டுப்போன தளபாடம் போலக் கேட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
வேற்று நாட்டுச் சட்டம்
இந்த மன்றுக்குச் சட்டமல்ல, ஒரு சங்கதி.
சங்கதி என்றால் சாட்சி வேண்டும்.
அதைக் கற்றறிந்தவர் யாராவது வந்திருக்கிறாரா?
வழக்கறிஞரிடம் இருந்தது ஒரு ஃபோட்டோக்கொப்பி,
ஓரத்தில் தேத்தண்ணிக் கறையோடு.

எனக்குத் தெரியும்.
என் தமக்கையின் கலியாணத்துக்கு முதல்நாள்
நொத்தாரிசு வந்திருந்து உறுதி வாசித்தபோது
வெற்றிலைத் தட்டு பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.
ஆனால் மொழிபெயர்க்கிறவளின் வாய்
சாட்சியின் வாயல்ல.
தண்ணீர் குடித்தேன்.

எப்படியும், நிலம் ஒன்ராறியோவில் கிடக்கிறது,
ஒன்ராறியோச் சட்டமே அதை ஆளும் என்றார்.
பிள்ளைகள் இருவர். சரிபாதி.
அந்தச் சொல்லுக்கு மட்டும்
நான் தேடவே வேண்டியிருக்கவில்லை.

பத்மாசனி அக்கா சிரிக்கவில்லை.
லிஃப்ட் வரும்வரை
உப்புப் படிந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.
"தம்பி பொய் சொல்லேல்லைப் பிள்ளை.
வழமை அதுதான்.
ஆனா அந்தக் கிணத்தில நான்
மூண்டு வருசந்தான் தண்ணி அள்ளினது.
தொண்ணூறில ஆமி வந்திட்டுது.
பிறகு போனாலும்
முள்ளுக்கம்பிக்கு இஞ்சால நிண்டு பாக்கிறதுதான்.
இண்டைக்கு ஒருத்தரும் அதைக் கேக்கேல்லையே."

கேட்கவில்லை.
'இஞ்சால' என்பதற்கு ஒரு சொல்
வாய்க்குள் வைத்திருந்தேன், சும்மா.

வெளியே தரிப்பிடத்தில்
குகநேசன் காரைச் சூடாக்கிக்கொண்டு நின்றார்.
வரும்போதும் ஒரே கார்தானாம்.
முன் ஆசனத்தில் வழக்குக் கோப்புப் பெட்டி.
கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இறங்கிவந்து
அதைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.