முள் நாற்பதில் நிற்கிறது

ஆரல்வாய்மொழியில் காற்றுக்கு என்ன பஞ்சம்?
ஆடி பிறந்தால் கடைப் பலகையையே கழற்றிக்கொண்டு போகும்.
'றோஸிலி பஞ்சர்' என்பதில்
'றோ' இப்போது முப்பந்தலில் எங்கோ கிடக்கிறது.

என் டேங்கில்தான் காற்றில்லை.
மோட்டார் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது,
முள் நாற்பதில் நிற்கிறது.

பின்னிரவு இரண்டே கால்.
சங்கரன்கோவிலில் ஏற்றிய மல்லிகை
விடியுமுன் தோவாளைச் சந்தையில் இறங்க வேண்டும்.
இனி கூப்பிடு தூரம்தான்.
பின்சக்கரம் சப்பி நிற்கிறது டெம்போ.
ஸ்டெப்னி வள்ளியூரிலேயே மண்டையைப் போட்டுவிட்டதாம்.
"ஓடும்போதே அந்த நட்டை ஒரு முறுக்கு முறுக்குங்க" என்கிறார் தாணுலிங்கம்.
"மொட்டு விரிஞ்சா வெலை போச்சு."

சுவிட்சை அணைத்தேன்.
பிளக்கைப் பிடுங்கி
என் கண்ணெதிரே ஸ்டூலில் வைத்தேன்,
யாரும் உதவி செய்துவிடாதபடி.

நீட்டு வயர் போன மாதத்துக் கள்ளன்;
இளைத்த வயரில் கரண்டும் இளைத்து
மோட்டார் முனகி நின்றுபோனது.
இன்று ஓட்டம் சுத்தம், அது அல்ல.
ஃபில்டர் மூடியைத் திறந்தேன்:
ஒரு பிடி செம்மண். தட்டிவிட்டேன். அதுவும் அல்ல.
வேறெந்த ஊராக இருந்தாலும்
காதை வைத்தால் கேட்டுவிடும் ஒழுக்கு.
இங்கே உலகமே 'உஸ்' என்கிறது.

ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துத் தூக்குச்சட்டி மூடியில் கலக்கினேன்.
தடவிய நுரையைக் காற்று கொண்டுபோயிற்று.
மறுபடி தடவினேன்.
பூச்சாக்கை விரித்து மறைப்புப் பிடித்தார் தாணுலிங்கம்,
திட்டிக்கொண்டே.
ஓஸ் முனையில் ஒன்றுமில்லை.
ரெகுலேட்டர் கழுத்தில்
பயறளவு ஒரு குமிழ்,
வடையளவு,
உடைந்து, பால் பொங்குகிற மாதிரி.

"கண்டாச்சுல்லா? முறுக்குங்க!"
முள் பூஜ்யத்துக்கு வரட்டும்.
கண்ணாடி மாட்டி, முகம் திருப்பி
அடித்திருகைப் பையத் திறந்தேன்.
கட்டன் சாயா நிறத்தில் துருத்தண்ணீர், தகரத்தில் பாதி.
முப்பது. பதினைந்து.
சேஃப்டி வால்வு சீறுதென்று அதில் போல்ட் அடித்த ஒருவனை எனக்குத் தெரியும்.
அவன் ஷெட்டின் கூரையை வயலில் போய் எடுத்தார்கள்.
அவனைப் பற்றி நான் பேசுவதில்லை.
பூஜ்யம்.

கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி
வெள்ளை டேப் ஆறு சுற்று, மரை ஏறும் பக்கமாக.
பூட்டினேன். பிளக்.
அறுபது. தொண்ணூறு.
வால்வு வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்;
சீறியது, விட்டதும் அடங்கியது. நல்ல பிள்ளை.
நூற்றுப்பதில் மோட்டார் தானே நின்றது.

சக்கரம் நிமிர்ந்தது.
"எவ்வளவு?"
"இருபது."
சட்டை பட்டமாய்ப் பறக்க, கையால் அமுக்கிக்கொண்டு கேட்டார்:
"இந்த ஊர்ல காத்துக்கா இருபது?"
"நீங்க காத்திருந்ததுக்கு."

சிரித்தாரா தெரியவில்லை. பின்விளக்குதான் தெரிந்தது.

தகரத்துத் தண்ணீரை
வேலியோரம் கொட்டப் போனேன்.
பாதி வழியிலேயே
வாங்கிக்கொண்டது காற்று.