பதினாறு பிட் சாட்சி

ஜுபைல், நான்காம் கேம்ப், அறை இருபத்தேழு,
ஜன்னலோரக் கீழ்க்கட்டில்.
பகலில் எனக்கு, இரவில் ராயப்பனுக்கு.
மெத்தையில் ஒரே பள்ளம்,
இரண்டு முதுகுக்கும் அளவு சரியாகிவிட்டது.

ராத்திரி, வேலிக்கு வெளியே யார்டு ஸ்டோரில்
சாரக் குழாய்களை எண்ணி முடித்தபின்
பழைய லேப்டாப்பில் ஒரு செஸ் எஞ்சின் எழுதுகிறேன்.
பெயர் குருவி.
தூரத்து ஃபிளேர் திரையில் விழுந்து
கறுப்பு ராஜாவின் கட்டத்தில் ஆடும்.

குருவிக்கு ஞாபகம் குறைவு.
பன்னிரண்டு வகைக் காய், அறுபத்துநாலு கட்டம்,
ஒவ்வொரு ஜோடிக்கும் சீட்டுக் குலுக்கி ஓர் எண்.
பலகையில் நிற்பவர்களின் எண்களை
ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தால்
அதுதான் அந்த நிலையின் விலாசம்.
பத்து லட்சம் அறைகளே என்னிடம்.
வந்து நிற்கும் நிலைகளுக்கோ கணக்கில்லை.
ஆழமாய்த் தேடியவர் தங்குவார்,
மேலோட்டமானவர் பெட்டி கட்டுவார்.
அது பரவாயில்லை,
எங்கள் கேம்ப் பாஸும் அப்படித்தான்.

இடம் மிச்சம் பிடிக்க
முழு எண்ணையும் எழுதாமல்
நுனியில் பதினாறு பிட் மட்டும் சாட்சிக்கு வைத்திருந்தேன்.
அறுபத்தைந்தாயிரத்தில் ஒருவருக்கு அடுத்தவர் முகம்.
குருவி நொடிக்குப் பத்து லட்சம் கதவு தட்டும்.
கணக்குப் போட்டேன்:
நொடிக்குப் பதினைந்து பேர்
வேறு யாருக்கோ எழுதிய பதிலை வாங்கிக்கொண்டு
சந்தோஷமாய்த் திரும்பிப் போகிறார்கள்.

ஒருமுறை, இல்லாத குதிரையை நகர்த்தப் போய்
எஞ்சின் செத்தது.
செத்தால் நல்லது, தெரிந்துவிடும்.
மற்றவை சாவதில்லை.
தோற்கும் ஆட்டத்தை ஜெயிப்பதாக நம்பி
மேலே மேலே ஏறிப் போகும்.

வெள்ளியன்று கட்டில் அவனுக்கு, தரையில் பாய் எனக்கு.
மாசியில் ஒரு வெள்ளி,
ஷட்டவுன் என்று அவனை வேலைக்கு இழுத்துப் போனார்கள்.
ஆலைக்குள் போன் கூடாது;
அது தலையணை அடியில் சார்ஜில் கிடந்தது.
காலை பத்துக்கு அடித்தது.
எடுத்தது என் கை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
"முன்பணத்தோட வந்து நிக்காங்க.
தெக்குப் பக்கத்து மனையைக் குடுத்திரட்டா?"
"ம்."
"சரி, வைக்கேன்."

'ம்' என்பதில் ஊர் இல்லை, வயது இல்லை.
அதே நம்பர், அதே லீவு நாள், அதே தூக்கக் கரகரப்பு.
லூர்தும் நுனியைத்தான் ஒத்துப் பார்த்தாள்.

அன்றிரவே சாட்சியை அறுபத்துநாலு பிட்டாக்கினேன்.
அறைகள் பாதியாய்க் குறைந்தன.
பழைய குருவியையும் புதிய குருவியையும்
ஆயிரம் ஆட்டம் மோதவிட்டேன்.
புதியதற்கு ஐந்நூற்று மூன்று, பழையதற்கு மீதி.
ஏறக்குறைய சமம்.
பொய் சொன்ன கிளையைப் பெரும்பாலும்
பக்கத்துக் கிளை வெட்டிவிடுகிறது.
வேர் வரைக்கும் வந்து சேரும் பொய் அபூர்வம்.
அபூர்வம் என்ற அந்த வார்த்தையை
எத்தனை முறை சொல்லிக்கொண்டேன், எண்ணவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஷிப்ட் மாறும் பத்து நிமிடத்தில்
பூட்ஸைக் கழற்றியபடி ராயப்பன்:
"மனைய வித்துட்டாளாம். நாந்தான் சரின்னேனாம்.
சொல்லியிருப்பேன் போல, தூக்கத்துல."
சாக்ஸை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தான்.
"வெல பரவால்ல, என்னா?"

வெளியே பஸ் ஹாரன்.
நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவசரத்தில் டிபன் டப்பாவை எடுக்க மறந்து ஏறிவிட்டேன்.
எட்டரைக்கு அவனிடமிருந்து போன்:
"கட்டில்ல ஒரு டப்பா இருக்கு.
ஒன்னோடதா, என்னோடதா?"